ஜோடி பிரிந்ததா, இணை இறந்ததா?

போன ஆண்டு ஒரு கூட்டுப்பெட்டியில் குஞ்சு வளர்த்த பெரிய பட்டாணிக்குருவி இந்த ஆண்டு வேறு இணையோடு வந்தால், குறிப்பேட்டில் "பிரிந்தன" என்று எழுதத்தான் கை போகும். அவசரப்படக் கூடாது. வளர்ந்த குருவிகளில் ஏறக்குறையப் பாதி அடுத்த ஆண்டைப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கில், நூறு ஜோடியில் இருபத்தைந்தில்தான் இரண்டுமே பிழைத்திருக்கும். இரண்டும் உயிரோடு இருந்து, வெவ்வேறு துணையோடு கூடு வைத்தால் மட்டுமே அது பிரிவு.

பிழை பெரும்பாலும், குருவியை அடையாளம் காண அதன் காலில் மாட்டும் வண்ண வளையங்களைப் படிப்பதில்தான் தொடங்குகிறது. இடக்காலை மேலிருந்து கீழாக, பிறகு வலக்காலை அதேபோலப் படிப்பது ஒரு முறை. குருவி நம்மைப் பார்த்து உட்கார்ந்தால் அதன் இடக்கால் நமக்கு வலப்பக்கம். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வெயிலில் வெளுத்த மஞ்சள் அந்தி வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும். இரண்டு தனித்தனிப் பார்வைகள் ஒத்துப்போகாமல் அடையாளத்தைப் பதியாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, அடையாளம் காணக் குருவியைப் பிடிக்கும் நேரத்தில் இருக்கிறது. அடைகாக்கும் பெண் குருவியைப் பிடித்தால், அது கூட்டையே கைவிட்டுவிடலாம். ஆகவே குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆனபின், இரு பெற்றோரும் இரை கொண்டுவரும்போது பிடிப்பதே வழக்கம். அதற்குள் முட்டையிலேயே அழிந்த கூடு யாருடையது என்பது கடைசிவரை தெரியாது. பல பறவையினங்களில் கூடு தோற்ற ஜோடிகளே அதிகம் பிரிகின்றன. நம் பட்டியலில் விடுபடுவதும் அவையே. பிரிந்தபின் ஆய்வுப் பகுதியைத் தாண்டிப் போன குருவியும் "இறந்தது" கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் கையில் உள்ள பிரிவு விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

வசந்தத்தில் மட்டும் பார்ப்பதும் போதாது. ஆக்ஸ்ஃபர்ட் அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் கூட்டுப்பெட்டிக் கணக்கெடுப்பு நடக்கிறது. அங்கே குருவிகளுக்கு மைக்ரோசிப் பொருத்தி, தீனிப்பெட்டிகளில் வருகையைப் பதிந்தார்கள். பின்னால் பிரிந்த ஜோடிகள் குளிர்காலத்திலேயே சேர்ந்து வருவது குறைந்திருந்தது. சிப் இல்லாத குருவி இந்தப் பதிவில் வராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரை ஊட்டும் ஆண்தான் தகப்பன் என்றும் எழுதிவிட முடியாது. சேர்ந்தே வாழும் ஜோடியின் கூட்டிலும் அயல் ஆணின் குஞ்சு இருக்கலாம். தகப்பனை உறுதிசெய்யக் குஞ்சின் இறக்கை ரத்தக்குழாயிலிருந்து ஒரு சிறு துளி ரத்தம் எடுத்து மரபணுவை ஒப்பிட வேண்டும். தகப்பன் யார், துணை யார் என்பதற்குக் குறிப்பேட்டில் இரண்டு தனிக் கட்டங்கள் போடுங்கள். "தெரியவில்லை" என்பதற்கும் ஒன்று.