சான்சுயியும் பத்துக்குப் பத்து அறையும்

ஜூன் 8
மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சான்சுயி ஸ்பீக்கர் ஜோடி தக்கலை வீட்டுக்கு வந்தாச்சு. முகப்பு மரச்சட்ட வேலைப்பாட்டில் ஒரு கம்பிகூட உடையவில்லை. அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பான கோன் காகிதம், அதன் விளிம்பு துணி. ஃபோம் விளிம்பாக இருந்திருந்தால் நம்மூர் ஈரத்துக்கு எப்போதோ பொடிந்து உதிர்ந்திருக்கும்.

மாடியறையில் மூலைக்கொன்றாக வைத்துக் கேட்டேன். எந்தப் பாட்டிலும் ஒரே முழக்கம். இடது பெட்டி கொஞ்சம் மங்கலாகவும் பட்டது. ரேடியோ கடை அண்ணன், "கெப்பாசிட்டர் போயிருக்கும், கழத்திப் போடலாம்" என்றார். அறையைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 9
டேப் பிடித்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். இந்த வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், அதைப் போக வர 6.1 மீட்டரால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். சுவருக்குச் சுவர் அலை மோதி அறையே முழங்கும் சுரம் அது. மூன்று திசைக்கும் அதே 57! எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. மூலையில் வைத்த பெட்டி அத்தனையையும் எழுப்பிவிடுகிறது. பால் கிளிப்ஷ் 1946இல் கொண்டுவந்த ஹார்ன் பெட்டி மூலைக்கென்றே செய்தது. சுவர்களே அந்த ஹார்னின் நீட்சி. சான்சுயிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஜூன் 12
கோனுக்கும் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டேன். முழக்கம் குறைந்தது, மிருதங்கத்தின் தொப்பியும், அந்தக் கனத்த ஒலி தரும் இடப்பக்கம், மெலிந்துவிட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் எதிராக வந்து சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

ஜூன் 15
ஓயாத மழை. ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 19
கீழே பழைய ஓட்டுவீட்டுப் பட்டாசாலைக்கு இறக்கினோம். சரிந்த கூரை, அதற்கடியில் மச்சுத்தட்டு இல்லை. அடிச்சுரம் ஓட்டிடுக்கு வழியாக வெளியே போய்விடுகிறது, தேங்குவதில்லை. பின்சுவருக்கு ஒன்றரை அடி, பக்கச்சுவருக்கு மூன்றடி. இரண்டும் வேறுவேறாக இருப்பதால் அலைகள் அழித்துக்கொள்ளும் பள்ளங்கள் ஒரே சுரத்தில் விழாது. ஆசாரி செய்த பலாமர முக்காலியில், மேல்சுரம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காதுமட்டத்துக்கு வந்தது.

மாமா நெடுநேரம் கண்மூடிக் கேட்டார். "மருமவனே, இப்பம்லா தொப்பி தனியா கேக்கு." எனக்கும் அப்படியே. இவ்வளவு அழகான தொப்பியை இந்தப் பெட்டியில் நான் கேட்டதில்லை.

ஜூன் 21
இடது பக்க மங்கல் மட்டும் போகவில்லை. பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். அறைதான் காரணம் என்றால் மங்கல் இடப்பக்கமே நின்றிருக்கும். அது பெட்டியோடு வலப்பக்கம் போய்விட்டது. நாளைக்கு அந்த ஒன்றை மட்டும் கடை அண்ணனிடம் கொடுக்கிறேன்.