எடுத்து வைப்பதும் தள்ளி வைப்பதும்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் ரைட்டராக, அதாவது எழுத்தராகச் சேர்ந்த முதல் வருடம், பெங்களூர் வியாபாரி ஒருவரின் மின்னஞ்சலில், எங்கள் சரக்கைச் சிறிது காலம் 'ஹோல்ட் ஆஃப்' செய்வதாக ஒரு வரி இருந்தது. 'ஹோல்ட்' என்றால் பிடித்து வைப்பது என்று பள்ளியில் படித்திருந்த நான், தமக்காக நிறுத்தி வைக்கச் சொல்கிறார் என்று முடிவுகட்டி, 40 மூட்டை பார்ச்மென்ட் காப்பியை (உள்தோல் நீக்காத உலர்ந்த கொட்டை)க் குடோனில் தனியே அடுக்கச் செய்ததோடு, இடையில் கேட்டு வந்த இன்னொருவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்குவதை அவர் ஒத்திப்போட்டிருந்தார் என்பது மூன்று வாரம் கழித்து விசாரித்தபோதுதான் தெரிந்தது.

மூட்டைகளைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னபோது மேஸ்திரி கேட்டார்: "எடுத்து வெக்கச் சொன்னாங்களா, தள்ளி வெக்கச் சொன்னாங்களா தம்பி?"

வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஆங்கிலத்தின் ஃப்ரேசல் வெர்ப் என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது. 'வை' ஒன்றுதான், எடுத்து, தள்ளி, விட்டு என முன்னே நிற்கும் சொல் மாற மாறப் பொருளும் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பின்னே வரும் சிறுசொல் செய்கிறது: 'ஹோல்ட் ஆன்' என்றால் சற்றுப் பொறு, 'ஹோல்ட் பேக்' என்றால் வெளிவிடாமல் அடக்கு. சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது லாரி மாட்டிக்கொண்டால் 'ஹெல்ட் அப்' என்று எழுதுவோம். அதற்கு வழிப்பறி என்ற பொருளும் உண்டென்று அகராதியில் கண்ட நாளில், அதுவரை அனுப்பிய கடிதங்களை நினைத்துச் சற்றுக் கலங்கித்தான் போனேன்.

உண்மையான சங்கடம் சொல்வரிசையில் இருக்கிறது. விலையை மறுக்க 'டர்ன் டவுன் தி ஆஃபர்' என்றும் 'டர்ன் தி ஆஃபர் டவுன்' என்றும் எழுதலாம். ஆனால் 'தி ஆஃபர்' இருந்த இடத்தில் 'இட்' வந்தால் அது 'டர்ன் இட் டவுன்' என்று நடுவில்தான் உட்காரும். 'லுக் ஆஃப்டர்' என்பதையோ அப்படிப் பிரிக்கவே முடியாது. தமிழில் 'விட்டுத்தான் கொடுக்க வேண்டும்' என்று ஒரு 'தான்' நுழைவதைத் தவிர, பெயர்ச்சொல் எதையும் நாம் இடையில் விடுவதில்லை.

அதன்பின் என் குறிப்பேட்டில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவதை நிறுத்தி, 'கிவ் இன்' எதிரே விட்டுக்கொடு, 'கிவ் அப்' எதிரே கைவிடு, 'புட் அப் வித்' எதிரே பொறுத்துப்போ என்று முழு வினையாகவே எழுதத் தொடங்கினேன். 'ஹோல்ட் ஆஃப்' எதிரே மேஸ்திரியின் 'தள்ளி வை' இருக்கிறது. அந்த 40 மூட்டைகளும், நான் திருப்பி அனுப்பியவர் சொன்ன விலையைவிடக் குறைவாகவே பிறகு விலைபோயின.