ஓய்வுநேர ஹாம்களுக்கு எந்த லாக் மென்பொருள்? – ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கல்லூரி மாணவிக்கு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமமும் வியூ3 எனத் தொடங்கும் அழைப்புக் குறியும் கிடைத்துவிட்டன. இன்று வீட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, லாக் எழுத எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்பதுதான். ரேடியோவில் யாருடன் எப்போது பேசினோம் என்பதன் பதிவேடுதான் லாக். போட்டிகளில் இடைவிடாமல் தொடர்புகளை அடுக்குபவருக்கு என்1எம்எம் லாகர் பிளஸ் இருக்கிறது. புதுப்புது நாடுகளைத் தேடிப் பிடித்து விருதுக்குக் கணக்கு வைப்பவருக்கு டிஎக்ஸ்லேப் தொகுப்பு இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் அவற்றுக்குரிய வேலையில் மிகச் சிறந்தவை. ஆனால் இவர் காலை நெட்டில், அதாவது பலர் ஒரே அலைவரிசையில் கூடும் நேரத்தில், நாலு பேருடன் பேசுவார், மாலையில் மொட்டை மாடியில் கையடக்கக் கருவியுடன் நிற்பார், தேர்வு நெருங்கினால் ஒரு மாதம் ரேடியோ பக்கமே வரமாட்டார். நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தாம். இவர்களுக்கு ஏற்றது எது என்பதை இந்த மாதம் நிதானமாகப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

ஒரு தொடர்பைப் பதிய அடிப்படையாக வேண்டியவை சிலவே: எதிர்முனையின் அழைப்புக் குறி, தேதி, நேரம், அலைவரிசை, பேச்சா, மோர்ஸா, கணினி வழி அனுப்பும் எஃப்டி8-ஆ என்னும் வகை, இருபுறமும் சொல்லிக்கொண்ட சிக்னல் மதிப்பு. பெயரும் ஊரும் ஒரு வரிக் குறிப்பும் நாம் விரும்பிச் சேர்ப்பவை. லாக் மென்பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் இவற்றை ஏடிஐஎஃப் என்ற பொது வடிவத்தில் வெளியே கொடுக்கவும் உள்ளே வாங்கவும் வல்லவை. 1996 முதல் வழக்கில் இருக்கும் இந்த வடிவத்தை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதன் பெயரும், ஒரு முக்காற்புள்ளியும், பின்வரும் தகவல் எத்தனை எழுத்து என்ற எண்ணும் இருக்கும். வியூ2-உடன் மூன்று எழுத்து சேர்ந்த அழைப்புக் குறி என்றால் அங்கே 6 என்று இருக்கும். ஒரு தொடர்பு முடிந்ததும் 'பதிவு முடிந்தது' என்பதற்கான குறி வரும். இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

மாணவியின் மடிக்கணினியில் இந்தக் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினேன். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இந்தக் கோப்பு அதிலிருந்து முழுமையாக வெளியே வருகிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. திரையின் அழகும், உலக வரைபடமும், பட்டன்களின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான்.

ஜனவரி 8, புதன்

திருவொற்றியூரில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். கடலுக்கு மிக அருகில் வீடு. உப்புக் காற்றில் ஆண்டெனாவின் திருகாணிகள் மறுபடியும் பச்சை பூத்திருந்தன. அவற்றைத் துடைத்துக்கொண்டே தம் லாக்கைப் பற்றிச் சொன்னார். இடையில் சில ஆண்டுகள் அவர் ஒரு மென்பொருளில் எழுதிவந்தார். அதைச் செய்தவர் பின்னாளில் அதைக் கைவிட்டுவிட்டார். பழைய கணினியும் பழுதாகிவிட்டது. எஞ்சியிருப்பது பென் டிரைவில் ஒரே ஒரு கோப்பு. அது அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் இருப்பதால் என் கணினியில் உள்ள எதுவும் அதைத் திறக்க மறுக்கிறது. "நோட்டுல எழுதின 1990-கள் எல்லாம் இருக்கு தம்பி, கம்ப்யூட்டர்ல போட்ட வருஷங்கதான் காணோம்" என்றார்.

ஓய்வு நேரத்தில் இயங்குபவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். தினமும் உட்காருபவர் மென்பொருள் நின்றுபோனதை உடனே அறிந்து வேறொன்றுக்கு மாறிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேடியோவை இயக்குபவர் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஜனவரி 13, திங்கள், போகி

போகிக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது பரண்மேலிருந்து இறங்கிய லாக் நோட்டுகளைப் பெரியவர் எனக்குக் கொடுத்தனுப்பினார், கணினியில் ஏற்றித் தரும்படி. மாணவியும் உதவிக்கு வந்தார். புதிய மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பழைய தேதியில் பதியும்போது அது எவ்வளவு படுத்துகிறது என்பது நாலு வரி எழுதியதும் தெரிந்துவிடும்.

நேரம்தான் பெரிய சிக்கல். பெரியவர் இந்திய நேரத்தில் எழுதியிருக்கிறார். உலகெங்கும் லாக்கை யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதுவதே வழக்கம். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் விடியலுக்கு முந்தைய பதிவுகளில் தேதியும் பின்னால் போகும். 2004 டிசம்பர் 26 அதிகாலை 4.40-க்கு 40 மீட்டர் அலைவரிசையில் இத்தாலிய நிலையம் ஒன்றுடன் அவர் மோர்ஸில் பேசியிருக்கிறார்; அது யூடிசியில் டிசம்பர் 25, 23.10. இணையத்தில் லாக்குகளை ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் சேவையில் இருபக்கத்து லாக்குகளும் 30 நிமிடத்துக்குள் பொருந்தினால்தான் தொடர்பு உறுதியாகும் என்பதால், தேதி பிசகினால் அந்தத் தொடர்பு என்றுமே உறுதியாகாது. நேரடியாகப் பதியும்போது கணினியின் கடிகாரத்திலிருந்து யூடிசியைத் தானே எடுத்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அதே பக்கத்தில், அன்று காலை பத்து மணிக்குமேல், 14 மெகா ஹெர்ட்ஸில் வியூ4ஆர்பிஐ நிலையத்தைக் கேட்டதாகப் பெரியவர் தமிழில் குறித்திருக்கிறார். பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த குழு, சுனாமி தாக்கியதும் தன் வழக்கமான தொடர்புகளை நிறுத்திவிட்டுப் போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கிய நாள் அது. காசிமேட்டுக் கரையிலும் திருவொற்றியூர்க் கரையிலும் அலை ஏறிய அந்தக் காலையில் இவர் பேசவில்லை, வழி விட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். "கேட்டதை எப்படி அண்ணா பதியறது?" என்றார் மாணவி. இருவழித் தொடர்பு நடக்காததால் அதைத் தொடர்பாகப் பதியக்கூடாது. ஏடிஐஎஃப்-இல் கேட்பவரின் பதிவைக் குறிக்கத் தனிப் புலம் உண்டு என்றாலும், தொடர்புகளின் கணக்கோடு கலந்துவிடாமலிருக்க அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து லாக் கோப்புறையிலேயே தனியாக வைத்தோம். இந்த வரி எனக்கு எந்த விருதையும்விட முக்கியம்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் விடுமுறையில் ஒரே பதிவுத் தொகுப்பை வெவ்வேறு மென்பொருள்களில் ஏற்றி, மறுபடி வெளியே எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்தோம். அழைப்புக் குறி, தேதி, நேரம் எதிலும் பழுதில்லை. தமிழில் எழுதிய குறிப்புகளில்தான் வேறுபாடு தெரிந்தது. ஏடிஐ என்பது ஏடிஐஎஃப்-இன் எளிய உரைக் கோப்பு; விதிப்படி அதில் ஆங்கில எழுத்துக் குறியீடுகள் (ஆஸ்கி) மட்டுமே இடம்பெறலாம். ஆயினும் பல மென்பொருள்கள் பிறமொழி எழுத்துகளையும் எழுதிவிடுகின்றன. 'மழை' என்ற சொல் யூனிகோடில் மூன்று குறியீடுகள், யூடிஎஃப்-8 சேமிப்பில் ஒன்பது பைட்டுகள். எழுதும் மென்பொருள் 3 என்று எண்ணிப் போட்டு, வாங்கும் மென்பொருள் பைட்டுகளை எண்ணினால், 'ம' மட்டும் மிஞ்சி மீதி வெட்டுப்படுகிறது. எங்கள் சோதனையில் ஒரு ஜோடியில் இப்படியே நடந்தது. ஏடிஐஎஃப்-இன் ஏடிஎக்ஸ் என்னும் எக்ஸ்எம்எல் வடிவம் இதற்காகவே பிறமொழிப் புலங்களை ஏற்கிறது. தமிழில் குறிப்பெழுதுபவர்கள் அந்த வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. குறிப்பைத் தமிழில் எழுதுவதை இதற்காக யாரும் விட்டுவிட வேண்டாம்.

மாணவியின் மடிக்கணினி பழையது, லினக்ஸில் ஓடுவது. அதில் க்யூலாக் என்ற லாக் மென்பொருள் இலகுவாக இயங்கியது. லாக் முழுவதும் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக நம் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாத நேரத்திலும் தடையின்றி எழுத முடிகிறது. நான் எஃப்டி8-க்குப் பயன்படுத்தும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஒவ்வொரு தொடர்பையும் தானே ஓர் ஏடிஐ கோப்பில் எழுதிக்கொள்கிறது. யூடிபி 2237 என்னும் பிணைய வாயில் வழியாக லாக் மென்பொருளுக்கும் உடனுக்குடன் அனுப்புகிறது. ஒரு முறை அமைத்துவிட்டால் போதும்.

விண்டோஸ் வைத்திருக்கும் பெரியவருக்கு லாக்4ஓஎம் போட்டுக் கொடுத்தேன். இலவசம், வசதிகள் ஏராளம். முதல் திரையில் கண்ணை உறுத்தும் பலகங்களை மூடிவிட்டு, அவருக்கு வேண்டியவற்றை மட்டும் பெரிய எழுத்தில் வைத்தேன். மொட்டை மாடிக்கும் கடற்கரைக்கும் கணினி தூக்கிச் செல்ல முடியாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைபேசியில் போலோ என்ற லாக் செயலி நன்றாக இருக்கிறது. இணையமின்றி எழுதி, வீட்டுக்கு வந்து ஏடிஐ கோப்பாக அனுப்பிக்கொள்ளலாம். வேவ்லாக் இணைய உலாவி வழியே எந்தக் கருவியிலும் திறக்கும். ஆனால் அதற்கு ஒரு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். ஒரு கிளப் சேர்ந்து நடத்தினால் சிறப்பு. தனியாள் ஓய்வு நேரத்தில் செய்ய நான் சொல்லமாட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

"லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் ஏற்றிவிட்டால் அதுவே காப்புப் பிரதிதானே?" என்று மாணவி கேட்டார். பலரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் 2003 முதல் நடத்திவரும் அந்தச் சேவை தொடர்பை உறுதிசெய்வதற்கானது. உறுதிசெய்யத் தேவையான விவரங்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும்; நாம் எழுதிய பெயரும் குறிப்பும் அங்கிருந்து திரும்பி வாரா. தவிர, 2024 மே மாதம் ஏஆர்ஆர்எல்-இன் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளானபோது அந்தச் சேவை ஜூலை தொடக்கம் வரை நின்றிருந்தது. அந்த வாரங்களில் தம் கணினியிலேயே லாக் வைத்திருந்தவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

மாணவிக்கு நாங்கள் வகுத்த ஏற்பாடு இது: வீட்டில் க்யூலாக், மாடியில் போலோ. மாதம் ஒருமுறை முழு லாக்கையும் ஏடிஐ, ஏடிஎக்ஸ் இரண்டிலும் வெளியே எடுத்து, கோப்பின் பெயரில் தேதியிட்டு, பென் டிரைவில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைக்க வேண்டும். எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் லாக்கை ஏற்ற ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அதற்கான கோரிக்கையை டிக்யூஎஸ்எல் மென்பொருளில் இன்று மாலை அவரே தயாரித்து, உரிமத்தின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். சான்றிதழ் வந்ததும் அதன் காப்புப் பிரதியை அதே பென் டிரைவில் முதலில் வைத்துவிட்டு, பிறகுதான் முதல் பதிவேற்றம். பெரியவரின் நோட்டுகளில் 1998 வரை ஏற்றியாயிற்று. மீதியை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து லாக்4ஓஎம்-இல் ஏற்ற வரும் சனிக்கிழமை இருவரும் திருவொற்றியூர் செல்கிறோம்.