நிப்பான் பீங்கான் குறிப்புகள்

ஜூன் 7, சனி

நியூ ஜெர்சியில் ஒரு எஸ்டேட் சேல், அதாவது ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை. எல்லாரும் வெள்ளிக் கரண்டிகளை மொய்த்துக்கொண்டிருக்க, அலமாரி மேல்தட்டில் தூசியோடு ஒரு சாக்லேட் பாட் இருந்தது. சூடான சாக்லேட் ஊற்றுவதற்கென்றே உயரமாக, ஒல்லியாக, விளிம்பை ஒட்டிக் குட்டி மூக்கோடு செய்வார்களே, அது. 45 டாலர், பேரம் பேசவில்லை. அடியில் பச்சை இலை வளையத்துக்குள் எம் எழுத்து, மேலே 'ஹேண்ட் பெயின்டட்', கீழே 'நிப்பான்', அதாவது ஜப்பானிய மொழியில் ஜப்பான். எம் என்றால் மோரிமுரா, 1876இலேயே நியூயார்க்கில் கடை போட்ட சகோதரர்கள். 1904இல் நகோயா பக்கம் நோரிடாகே கிராமத்தில் ஆலை தொடங்கியதும் அவர்கள் கூட்டம்தான். 1921க்குப் பிறகு அமெரிக்கச் சுங்கத்துறை 'ஜப்பான்' என்றுதான் போடவேண்டும் என்றுவிட்டதால், இது அதற்கு முந்தையது.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் இருக்கிறேன். அச்சு ஒட்டுப்படமாக இருந்தால் பூவுக்குள் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும், இதில் தூரிகை இழுத்த கோடுதான். முன்பக்க ரோஜாவும் பின்பக்க ரோஜாவும் ஒன்றுபோல இல்லை, பின்னால் இருப்பதில் ஓர் இதழைக் கொஞ்சம் அவசரமாக முடித்திருக்கிறார் அந்த ஓவியர். கழுத்தைச் சுற்றிக் கோலப்புள்ளி மாதிரி மேடாகத் தங்கப் புள்ளிகள், விரலுக்குத் தட்டுப்படுகின்றன. கைப்பிடியில் மட்டும் தங்கம் தேய்ந்திருக்கிறது. யாரோ நிஜமாகவே புழங்கியிருக்கிறார்கள், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ஒரு பழம்பொருள் கடையில் 'நிப்பான்' ஜாடி. அடியில் வளையம் தலைகீழ், எம் இருக்கவேண்டிய இடத்தில் மணற்கடிகாரம்! பழைய போலிகளில் இது பிரபலம். கடைக்காரர் பாட்டி காலத்துச் சாமான் என்று சத்தியம் செய்யாத குறை. ஆனால் முத்திரையைச் சரியாகவே நகலெடுத்த போலிகளும் வந்துவிட்டன, அதனால் நான் இப்போதெல்லாம் அடியைக் கடைசியில்தான் திருப்பிப் பார்க்கிறேன். கை தேர்ந்த ஓவியமா, தங்கம் பளீரென்று புதுசாக மின்னுகிறதா, கனம் அதிகமா, இதெல்லாம் முதலில்.

ஜூன் 19, வியாழன்

தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சாக்லேட் பாட்டைக் கழுவினேன். டிஷ்வாஷரில் போட்டால் தங்கம் போயே போச்சு. போனில் அம்மா, "அதுல காபி ஊத்திக் குடிப்பியா?" என்றாள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், மாட்டேன்மா என்றேன். "அப்புறம் எதுக்குடி வாங்கின?"

சரி, அடுத்து இதோடு சேரும் கோப்பைகளைத் தேடவேண்டும்.