தகடு குண்டாகும் விதம்

அரை மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு வில்லை. அதைச் சுத்தியலால் தட்டித் தட்டியே அரைக்கோளமாக்க வேண்டும். அப்படி இரண்டு செய்து ஒன்றோடொன்று பற்றவைத்தால் நகையில் கோர்க்கும் உருண்டை மணி, அதாவது ஒரு குண்டு. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பட்டறை வைத்து நகை செய்யும் பத்தர் ஒருவரிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்றுக்கொண்டிருப்பது இதைத்தான். கம்மல், மோதிரம் எல்லாம் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் குண்டுதான் வேண்டியிருந்தது. தென்மாவட்டக் கிழவிகளின் காதில் தொங்கிய பாம்படத்தையும் தண்டட்டியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். உருண்டையும் கட்டமுமாக, பார்வைக்கு அத்தனையும் கெட்டித் தங்கம் போல இருக்கும். உண்மையில் அது மெல்லிய பொன் தகடு, உள்ளே அரக்கு. கொஞ்சம் பொன்னைக் கொண்டு அவ்வளவு பெரிய இடத்தை வளைத்துப்போட்ட அந்தக் கைகளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் அப்பத்தாவின் பாம்படத்தை நான் பிறப்பதற்கு முன்பே உருக்கி அத்தைக்கு வளையல் போட்டுவிட்டார்கள். எடைக்குத் தங்கம் திரும்பி வந்தது. வேலைப்பாட்டுக்கு விலை போடுவார் யாருமில்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆகவே முதலில் என்னை இழுத்தது வில்லையின் அளவு. அரைக்கோளத்தின் பரப்பும் வில்லையின் பரப்பும் சமம் என்று வைத்துக்கொண்டால், வில்லையின் விட்டம் குண்டின் விட்டத்தைப் போல 1.414 மடங்கு வரும். 10 மில்லிமீட்டர் குண்டுக்கு 14 மில்லிமீட்டர் வில்லை. பத்தரிடம் கேட்டேன். “ஒன்றரை மடங்கு எடுங்கள் டீச்சர், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்” என்றார். விளிம்பைத் தேய்த்து மட்டமாக்கக் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமல்லவா, அதையும் சேர்த்துத்தான் அவர் கணக்கு.

அதைவிட முக்கியமான கணக்கு விளிம்பில் இருக்கிறது. 14 மில்லிமீட்டர் வில்லையின் சுற்றளவு 44. அது குண்டான பிறகு நடுவயிற்றின் சுற்றளவு 31. மீதி 13 மில்லிமீட்டர் எங்கே போகும்? அவசரப்பட்டால் சுருக்கமாக மடியும். நிதானமாகப் போனால் உலோகம் தனக்குள்ளேயே நெருங்கி, விளிம்பில் சற்றுக் கனமேறும். உச்சியில் மட்டும் தகடு இழுபட்டு மெலியும். இந்த வேலையின் சூட்சுமமெல்லாம் அந்த 13 மில்லிமீட்டரைச் சண்டையில்லாமல் உள்ளே அனுப்புவதில்தான் இருக்கிறது.

அதற்கென்று ஒரு பித்தளைக் கட்டை உண்டு. கனசதுரம், பக்கத்துக்குப் பக்கம் பெரிதும் சிறிதுமாக அரைக்கோளக் குழிகள். வில்லையை முதலில் ஆழமில்லாத பெரிய குழியில் வைத்து, உருண்டைத் தலை கொண்ட இரும்பு முளையால் தட்ட வேண்டும். பிறகு அடுத்த குழி, அதற்கடுத்த குழி என்று படிப்படியாக இறங்க வேண்டும். விளிம்பில் சின்னதாக ஒரு சுருக்கம் தலைகாட்டினால் அப்போதே தட்டி அமுக்கிவிட வேண்டும். மடிந்து படுத்துவிட்டால் அந்த இடம் விரிசல் விடும்.

இடையிடையே நெருப்பு. தட்டத் தட்டச் செம்பு இறுகிக்கொண்டே போகும். அது இறுகுவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சூடு காட்டி எடுத்த தகடு ‘டொக் டொக்’ என்று மந்தமாகத்தான் பேசும். போகப் போகச் சத்தம் மேலேறும். ‘கிண்’ என்று கேட்டால் பத்தர் தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே “போதும் அம்மா, அடுப்புக்குக் கொண்டுபோங்கள்” என்பார். வெளிச்சமில்லாத மூலையில்தான் அடுப்பு. பட்டப்பகலில் மங்கிய சிவப்பு கண்ணில் படாது; அது தெரியும்போது எடுத்தால்தான் பதம். எடுத்ததும் தண்ணீரில் போட்டுவிடலாம். எஃகை அப்படிச் செய்தால் இறுகும், செம்புக்கும் வெள்ளிக்கும் அந்தக் குணம் இல்லை. மேலே படியும் கருப்புக்குப் புளித்தண்ணீர்.

பெரிய பதக்கமாக இருந்தால் முளை கிடையாது. மரக்கட்டையில் குடைந்த குழியில் தகட்டை வைத்து நேராகச் சுத்தியலாலேயே அடிக்க வேண்டும். விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். சுத்தியல் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். நகர வேண்டியது தகடு. அதை நகர்த்துவது இடது கை. பத்தரின் இடது கையைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு அடிக்கும் இம்மி அளவு தகட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஓர் அடியின் தடம் முந்தைய தடத்தில் பாதியை மூடியபடியே போகும். அடிக்கும் முன் சுத்தியலின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, தோலில் இழைத்து, தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். சுத்தியலில் ஒரு கீறல் இருந்தால் அது ஒவ்வொரு அடியிலும் நகையில் அச்சாக விழும்.

கிண்ணம் போலக் குழிவது ஒரு வகை. குதிரைச் சேணம் போல ஒரு திசையில் மேலும் குறுக்குத் திசையில் கீழுமாக வளைவது இன்னொரு வகை. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஹெய்க்கி செப்பா என்ற உலோகக் கலைஞர் இந்த இரண்டாவது வகையை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். நீளமான தகட்டை அலைபோல் வளைந்த இரும்புக் கம்பத்தின் பள்ளத்தில் வைத்து, இரு ஓரங்களையும் மட்டும் அடித்து நீட்டினால் தகடு தானாகவே முறுக்கிக்கொண்டு எழும். பத்தரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதில் ஓரம் நீள வேண்டும், நம் குண்டில் ஓரம் சுருங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். நான் கணக்குப் போட்டுக் கண்டதை அவர் படத்தைப் பார்த்தே சொன்னபோது எனக்குப் புல்லரித்தது.

இப்போது இரண்டு அரைக்கோளங்களையும் பற்றவைக்கும் கட்டத்தில் இருக்கிறேன். வெங்காரம் (போராக்ஸ்) தடவி, பற்றாசுப் பொடி வைத்து, சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். கோர்க்கும் துளையை அதற்கு முன்பே போட்டுவிடுவது கட்டாயம். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து இணைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அதன் பிறகு அரக்கு. அரக்கோடு செங்கல் பொடியைக் கலந்து உருக்கி உள்ளே இறக்கினால், காகிதம் போன்ற தகடுகூட நசுங்காமல் நிற்கும்.

இயந்திரத்தில் அச்சடித்த குண்டுகள் கடைக்குக் கடை வந்துவிட்ட பிறகு, கையால் தட்டிய குண்டு கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டதாகப் பத்தர் சொல்கிறார். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த விரல்களுக்குத் தெரிந்ததை யாராவது எழுதி, படம் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. அவர் அனுமதியோடு குறிப்பெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்: எந்தக் குழிக்குப் பின் எந்தக் குழி, எந்தச் சத்தத்தில் நெருப்பு, வில்லைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும். குண்டு முடிந்ததும் பாம்படத்தின் சதுரக் கட்டம். அதற்கு உள்பக்கம் அரத்தால் கோடு கிழித்து மடிக்க வேண்டுமாம். கோடு தகட்டின் கனத்தில் பாதியைத் தாண்ட வேண்டும், மறுபக்கம் தெரியக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.