பல்பு எரிகிறது, ராக்கெட் கிளம்பவில்லை

நானும் மகளும் மாடல் ராக்கெட் விடுவோம். போன ஏப்ரலில் 12 தடவை பட்டனை அமுக்கியதில் 4 தடவை ஒன்றுமே நடக்கவில்லை. மினசோட்டாவில் ஏப்ரல் காலையிலும் விரல் விறைக்கும். பட்டன் உள்ள பேட்டரிப் பெட்டிதான் கன்ட்ரோலர். அதில் சாவியைப் போட்டதும், இணைப்பு சரி என்று காட்டும் பல்பு பளிச்சென்று எரியும். மகள் ஐந்திலிருந்து எண்ணி முடித்து அமுக்குவாள். ராக்கெட் மட்டும் அசையாது. "நமத்துப்போச்சாப்பா?" என்று ஓடப் பார்ப்பாள். வெடிக்காத வெடியை எட்டிப் பார்க்கிற தீபாவளி ரத்தம்! சாவியைப் பிடுங்கிவிட்டு 60 விநாடி காத்திருந்த பிறகே கிட்டப் போகலாம் என்பது விதி.

கரண்ட் போனதும் சூடாகி மோட்டாரின் மருந்தைப் பற்றவைக்கும் இக்னைட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். புதுப் பாக்கெட் வாங்கினேன். அதே கதை.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இக்னைட்டர் நொடியில் எரிந்துவிடும், அளக்க நேரம் தராது. அதற்குப் பதில், கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றை (1 ஓம், 10 வாட்), இக்னைட்டரைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பில் மாட்டினேன். அதன் இரு முனையிலும் எத்தனை வோல்ட் வருகிறதோ அத்தனை ஆம்பியர். நாலு ஏஏ பேட்டரி சும்மா இருக்கும்போது 6.2 வோல்ட். பட்டனை அமுக்கினால் 2.4. ராத்திரி முழுக்கக் காரில் குளிரில் கிடந்த அதே பேட்டரி 1.7. மீதியெல்லாம் பேட்டரிக்குள்ளும் வயரிலும் கிளிப்பிலும் போய்விடுகிறது. கரண்ட் பாதியானால் சூடு கால்வாசி ஆகிவிடும். பல்புக்கு இந்தக் கவலை கிடையாது, கொஞ்சம் கரண்ட் போனாலே எரியும். அதை நம்பித்தான் இத்தனை நாள் ஏமாந்தேன்.

கிளிப்பின் பல்லில் புகைக்கரி கறுப்பாக அப்பியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததுமே 2.4 என்பது 2.9 ஆனது. காசில்லாத வைத்தியம். மெல்லிய வயரை எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனான 18 கேஜ் வயரும், ஏஏவுக்குப் பதில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் போட்டேன். 9 ஆம்பியரைத் தாண்டியது. பழைய பல்பையும் விட்டுவைக்கவில்லை. 12 வோல்ட்டில் அது விடுகிற கரண்டுக்கே சில இக்னைட்டர் பற்றிக்கொள்ளும், சாவி போட்டதுமே ராக்கெட் கிளம்பினால் என்ன ஆவது? எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் வைத்தேன், சில மில்லி ஆம்பியர்தான் போகும்.

அதற்குப் பிறகு 30 தடவை ஏவியதில் 2 தோல்வி. இரண்டும் என் கைவேலை. ஒன்றில் இக்னைட்டரின் இரண்டு காலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கரண்ட் நுனிக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிட்டது, எல்இடி மட்டும் ஜோராக எரிந்தது. இன்னொன்றில் வயரின் கனம் இழுத்து, மருந்தைத் தொட வேண்டிய நுனி லேசாகக் கீழே இறங்கியிருந்தது. இப்போது ஏவுகம்பிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, துணி கிளிப்பால் வயரைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

அடுத்து, சி6-5 மோட்டார் இரண்டு பொருத்திய ராக்கெட். இரண்டும் ஒரே சமயத்தில் பற்ற வேண்டும். இரண்டு இக்னைட்டருக்கும் கரண்ட் போதுமா என்று அளக்க, ரெசிஸ்டர் இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.