நடுவில் வரும் ஷட்டில்

ஜூலை 31, 2024, புதன்

நேற்று பாரிஸ் ஒலிம்பிக் பேட்மிண்டனில் அஸ்வினி பொன்னப்பா - தனிஷா க்ராஸ்டோ ஜோடி மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. இதுதான் கடைசி ஒலிம்பிக் என்று அஸ்வினி கண் கலங்கச் சொன்னதைப் பார்த்து நானும் அழுதேன். 2011 உலகப் போட்டியில் அவர் ஜுவாலா குட்டாவோடு வெண்கலம் வாங்கியபோது தனிஷாவுக்கு 8 வயது. இடையில் என். சிக்கி ரெட்டி என்பவரோடு பல வருஷம் ஆடினார். இரட்டையர் ஆடுபவரின் கதையைச் சொல்ல வந்தால் ஜோடிகளின் பெயரைத்தான் வரிசையாகச் சொல்ல வேண்டும். என் வரிசையில் ஒரே ஆள்தான். நான் அக்கா என்று கூப்பிடுபவள். ஆறு வருஷம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆண்கள் இரட்டையரில் நம் சாத்விக் - சிராக் காலிறுதியில் தோற்றுப் போய்விட்டார்கள். முதல் கேம் 21-13 என்று எடுத்த பிறகு! தூக்கமே வரவில்லை.

காலையில் காலடிப்பேட்டை மெட்ரோவில் அக்கா சொன்னாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வந்துவிட்டதாம், வெளியூர். "போய்ட்டு வாக்கா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் அப்பா காசிமேட்டில் வலை பின்னிப் படிக்கவைத்தவர்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். உலகத் தரவரிசையில் இரட்டையர் புள்ளி ஜோடிக்குத்தான், ஆளுக்கு இல்லை. கடைசி 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். அக்காவும் நானும் கடன் வாங்கி, ரயிலில் ஆர்ஏசி சீட்டில் உட்கார்ந்தே போய் ஆடிச் சேர்த்ததெல்லாம் எங்கள் இருவர் பெயரிலேயே நின்றுவிடும். புது ஜோடி என்றால் பட்டியலில் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

பணமும் அப்படித்தான். உலக டூரின் பல போட்டிகளில் மொத்தப் பரிசில் ஒற்றையர் சாம்பியனுக்கு 7.5 சதவீதம், இரட்டையர் ஜோடிக்கு 7.9. அதை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். இது நியாயமே இல்லை, நாங்களும் அதே வியர்வையைத்தான் சிந்துகிறோம். ஒற்றையருக்கு மாறிவிடு என்கிறார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. முன்னால் நெட்டில் நிற்கும்போது பின்னாலிருந்து அக்காவின் ஷூ சத்தம் கேட்குமே, அதைக் கேட்டு ஆடித்தான் எனக்குப் பழக்கம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தண்டையார்பேட்டை கோர்ட்டில் புதுப் பெண்ணோடு முதல் நாள். 17 வயது, இடக்கைக்காரி. காற்றில் ஷட்டில் இழுக்கும் என்று கதவையெல்லாம் சாத்தியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஒரே புழுக்கம்.

அக்காவும் நானும் வலக்கை. நடுவில் வரும் ஷட்டில் இடப்பக்கம் நிற்பவளின் ஃபோர்ஹாண்டுக்கு, யோசிக்கவே வேண்டாம். இன்று நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். நடுவில் வந்தால் இருவருக்குமே ஃபோர்ஹாண்டு. மூன்றாவது ராலியிலேயே இரண்டு ராக்கெட்டும் மோதி என் ஃபிரேமில் கீறல் விழுந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சாரிக்கா" என்றாள்.

நடுவில் வந்தால் "விடு" என்று கத்துவதா, "எனக்கு" என்று கத்துவதா என்று அரை மணி நேரம் பேசினோம். அப்புறம் பாதி டியூப் ஷட்டிலை நடுவிலேயே போடச் சொல்லி ஆடினோம்.